கை மாறிய உறை

எங்கள் தெருவில் பாலுக்கு விலை உண்டு. தயிருக்கும் உண்டு, தலையில் கூடை, கூடைக்குள் சட்டி என்று ஓர் அம்மாள் தினமும் காலையில் கொண்டுவருவார். உறை மோருக்கு மட்டும் விலை கிடையாது. என்றைக்காவது இருக்கிற மோரையெல்லாம் எங்கள் சோற்றில் ஊற்றிவிட்டு, சாயங்காலம் பால் காய்ச்சி ஆறவைத்த பிறகுதான் அம்மாவுக்கு நினைப்பு வரும். "வெளக்கு வெக்கறதுக்குள்ள ஓடிப்போய் மூணாவது வீட்டு அக்காகிட்ட உறைக்கு ஒரு கரண்டி மோர் வாங்கிட்டு வாடா" என்பாள். விளக்கு வைத்துவிட்டால் மோரை வெளியே தரமாட்டார்கள். நான் தம்ளரோடு ஓடுவேன். அடியில் ஒரு விரற்கடை மோரோடு, சிந்தாமல் மெதுவாகத் திரும்புவேன். அடுத்த மாதம் அதே வீட்டுப் பெண் எங்கள் வாசலில் தம்ளரோடு நிற்பாள். எங்கள் தயிரில் இருப்பது எந்த வீட்டு உறை என்று அந்தத் தெருவில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

உறையைச் சில ஊர்களில் பிரை என்கிறார்கள். புறநானூற்றின் 276ஆம் பாடலில், பகைவர் படையைத் தனியாளாகக் கலங்கடித்த வீரனுக்கு உவமை, ஆயர்குலப் பெண் குடம் பாலுக்குள் நகத்தால் தெறித்துவிட்ட துளி உறைதான். போர்க்களத்துக்கு உவமை தேடிய புலவர் பால் குடத்துக்குப் போயிருக்கிறார். அந்த அளவுக்குப் பழகிய காட்சி அது.

அந்தத் துளியைப் பொட்டலத்தில் அடைத்து, அளவு குறித்து, விலை போட்டு உலகம் முழுக்க விற்ற ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சில ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்சன் நிறுவனம். மருந்தாளுநராகப் பயின்ற கிறிஸ்டியன் ஹான்சன் 1874இல் கோபன்ஹேகனில் தொடங்கியது. 2024 ஜனவரியில் நோவோசைம்ஸ் என்ற நொதி நிறுவனத்தோடு இணைந்து நோவோனெசிஸ் என்று பெயர் மாறிவிட்டது. தங்கள் சரக்குக் கலந்த எதையேனும் நாள்தோறும் நூறு கோடிப் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள் என்பது அவர்கள் சொல்லிவந்த கணக்கு. அந்த நூறு கோடிப் பேரில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? தயிர் டப்பாவில் பால் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பாலைத் தயிராக்கியவரின் பெயர் இருக்காது.

ஹான்சன் முதலில் விற்றது மோர் உறையை அல்ல. கன்றின் வயிற்றில் சுரக்கும் உறையை.

மாடு வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். வயிறு முட்டக் குடித்த இளங்கன்று சில சமயம் பாலைக் கக்கும். கக்கியது பாலாக இருக்காது, கட்டி கட்டியாகத் திரைந்திருக்கும். கன்றின் நான்காம் இரைப்பையில் கைமோசின் என்ற நொதி சுரக்கிறது. பாலில் கேசீன் என்ற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி ஒவ்வோர் உருண்டையின் மேலும் மெல்லிய மயிரிழைபோல ஒரு புரத நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. கைமோசின் அந்த நுனியை ஒரே இடத்தில் வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. கன்றுக்கு இதனால் என்ன லாபம்? பால் அப்படியே வழிந்தோடாமல் வயிற்றில் நிற்கும், நின்று செரிக்கும். தாய்ப்பால் வீணாகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. அதே ஏற்பாட்டைத்தான் மனிதன் சீஸ் செய்ய எடுத்துக்கொண்டான். பால்குடி மறக்காத கன்றை அறுத்து, இரைப்பையை உலர்த்தி, கீற்றாக நறுக்கி, உப்புநீரில் ஊறவைத்து, அந்த நீரைப் பாலில் ஊற்றினான். அதன் பெயர் ரென்னெட்.

ஊறவைத்த நீரின் வீரியம் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் சீஸ் இறுகும், இன்னொரு நாள் குழையும், சில நாள் கெட்டே போகும். ஹான்சன் செய்தது, இரைப்பையிலிருந்து நொதியைப் பிரித்து, எப்போதும் ஒரே வீரியத்தோடு புட்டியில் தந்ததுதான். இத்தனை பாலுக்கு இத்தனை சொட்டு. சீஸ்காரரின் கைப்பக்குவத்தில் ஒரு பங்கு அன்றைக்குப் புட்டிக்குள் போனது.

இந்த இடத்தில் நம் நாட்டுக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. கன்றின் இரைப்பை பட்ட சீஸை இந்தியர்கள் தொடமாட்டார்கள் என்பது ஆங்கிலேயருக்குச் சிக்கலாக இருந்தது. வடமேற்கில், இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்தில், ஒரு செடியின் காயைக் கொண்டு அங்குள்ளவர்கள் காலங்காலமாகப் பாலைத் திரைத்துவந்தார்கள். நம் அமுக்கராவின் உறவுச் செடி. அதன் விதையிலிருந்து ரென்னெட் போன்ற நொதியைப் பிரிக்கலாம் என்று 1880களில் ஷெரிடன் லீ என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் எழுதினார். அது பெருந்தொழிலாக வளரவில்லை. நாமும் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாலைத் திரைத்துப் பனீரோடு நின்றுகொண்டோம்.

கன்றின் கேள்விக்கு விடை கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 1960களில் சீஸ் உற்பத்தி பெருகப் பெருக இரைப்பை கிடைப்பது அரிதானது. பூஞ்சை ஒன்றின் நொதியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அது வெட்ட வேண்டிய இடத்தோடு நிற்காமல் கண்ட இடத்திலும் வெட்டியதால், நாள்பட்ட சீஸ் கசந்தது. பிறகு கன்றின் உயிரணுவிலிருந்து கைமோசினுக்கான மரபணுவைப் படியெடுத்து நுண்ணுயிரில் வைத்தார்கள். ஃபைசர் நிறுவனம் ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்தது. அதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990 மார்ச்சில் அனுமதி தந்தது. மரபணுப் பொறியியல் வழியே உண்டான ஒரு பொருள் உணவில் சேர அந்த நாட்டில் கிடைத்த முதல் அனுமதி அது. நெதர்லாந்துக்காரர்கள் ஈஸ்டில் வைத்தார்கள். ஹான்சன் நிறுவனம் பூஞ்சையில் வைத்தது. பூஞ்சை தொட்டிக்குள் வளர்ந்து கன்றின் நொதியைச் சுரக்கும். நொதியை வடித்தெடுத்துக்கொண்டு பூஞ்சையை நீக்கிவிடுவார்கள். பிற்பாடு அதே நிறுவனம் ஒட்டகக் கன்றின் கைமோசினையும் இப்படித் தயாரித்தது. பசும்பாலைப் பசுங்கன்றின் நொதியைவிட ஒட்டகத்தின் நொதி இன்னும் சுத்தமாக வெட்டுகிறது என்பது யாரும் எதிர்பார்த்திராத செய்தி.

இன்று அமெரிக்காவில் தயாராகும் சீஸில் பெரும்பகுதி இப்படி உண்டான நொதியால் உறைந்ததுதான். நம் கடைகளில் பச்சைப் புள்ளியோடு சீஸ் விற்க முடிவது, கன்றை அறுக்காத நொதிகள் வந்ததால்தான். அம்மா உயிரோடு இருந்தபோது ஒருமுறை இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "கன்னுக்குட்டி பொழச்சுக்கிச்சுல்ல, அப்ப சரி" என்றாள். மரபணு மாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்களோடு பல விஷயங்களில் எனக்கு உடன்பாடு உண்டு. இந்த ஒன்றில் நான் அம்மா பக்கம்.

எனக்கு நெருடுவது வேறு இடம். அதைச் சொல்ல இன்னொரு டென்மார்க்காரரைக் கூப்பிட வேண்டும்.

ஜேக்கப் கிறிஸ்டியன் ஜேக்கப்சன் பீர் காய்ச்சுபவர். 1845இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய், ஸ்பாட்டன் ஆலையின் கேப்ரியல் செடில்மயரிடம் ஈஸ்ட் வாங்கிக்கொண்டு கோபன்ஹேகனுக்குத் திரும்பினார். வழி முழுவதற்கும் ரயில் இல்லாத காலம். குதிரை வண்டியில் நாள்கணக்கான பயணம். ஈஸ்டைத் தகரக் குவளைகளில் அடைத்து, வண்டி நின்ற ஊர்களிலெல்லாம் இறங்கி, அடிகுழாயில் குளிர்ந்த தண்ணீரை அதன்மேல் அடித்து, சூடேறாமல் காப்பாற்றிக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு பாசம் வருகிறது. சீமை மனிதர், கோட்டும் தொப்பியும் போட்டவர், தூக்குவாளியில் உறை மோர் கொண்டுபோகிற பெண்ணைப் போலத் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த ஈஸ்டைக் கொண்டு அவர் தொடங்கிய ஆலைதான் கார்ல்ஸ்பெர்க்.

1875இல் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் வைத்தார். அங்கே கண்டறியப்படும் எதையும் மறைத்துவைக்கக் கூடாது என்று விதி எழுதிவைத்தார். 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் ஒரே ஓர் ஈஸ்ட் உயிரணுவிலிருந்து கலப்பில்லாத வளர்ப்பை உண்டாக்கிக் காட்டினார். பெயரைப் பார்த்து நம் ஹான்சனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு. கெட்ட ஈஸ்ட் கலந்து பீர் பாழாவதற்கு முடிவு வந்தது. அதை ஜேக்கப்சன் பூட்டிவைத்திருந்தால் ஐரோப்பாவின் பீர் வணிகமே அவர் கையில். அவரோ கேட்டவர்களுக்குக் கொடுத்தார், போட்டி ஆலைகள் உட்பட. மியூனிக்கில் ஒருவர் தமக்குக் கொடுத்ததை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது.

பாலுக்கு இந்தத் தூய வளர்ப்பு வந்ததும் டென்மார்க்கில்தான். 1882இல் ஹெடிங் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பால் ஆலை தொடங்கியது. சில ஆண்டுகளில் நாடெங்கும் கூட்டுறவு. பத்து வீட்டுப் பாலும் ஒரே தொட்டியில் கலந்தது. அதிலிருந்து எடுத்த வெண்ணெய் கப்பலேறி இங்கிலாந்து போனது. எல்லாப் பீப்பாயிலும் ஒரே ருசி இருந்தாக வேண்டும். 1890வாக்கில் வில்ஹெல்ம் ஸ்டார்க் என்ற வேதியியலர், பாலேட்டைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, தேர்ந்தெடுத்த பாக்டீரியாவை மட்டும் விட்டுப் புளிக்கவைக்கும் வழியைச் சொன்னார். அந்தத் தேர்ந்தெடுத்த பாக்டீரியாவை வளர்த்து விற்பது ஒரு தொழிலானது. ஹான்சன் நிறுவனம் அதில் இறங்கியது.

அப்போதும் ஆலைக்காரர் கையில் வேலை மிச்சம் இருந்தது. வாங்கிய உறையை ஒரு குடுவைப் பாலில் விட்டுத் தாய் உறை செய்வார். அதிலிருந்து ஒரு வாளி, வாளியிலிருந்து ஒரு தொட்டி. கொஞ்சத்தை நாளைக்கு எடுத்துவைப்பார். நம் அடுக்களையில் நடப்பதுதான், அளவு பெரிது. 1970களில் அதுவும் போனது. உறைய வைத்த மணிகளாகவோ உலர்த்திய பொடியாகவோ, கோடானுகோடி பாக்டீரியா அடர்ந்த பொட்டலம் வந்தது. அதைத் திறந்து நேரே தொட்டியில் கொட்டலாம். தாய் உறை வேண்டாம். எடுத்துவைக்க வேண்டாம். நாளைக்கு இன்னொரு பொட்டலம்.

இதைப் பேராசை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நான் தயாரில்லை. உண்மையான காரணம் ஒன்று இருந்தது. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள் உண்டு. நியூசிலாந்தின் சீஸ் ஆலைகளில் தொட்டி தொட்டியாகப் பால் உறையாமல் போனதற்கு இந்த வைரஸே காரணம் என்று வைட்ஹெட், காக்ஸ் இருவரும் 1935இல் கண்டுபிடித்தார்கள். ஓர் ஆலையில் தினமும் அதே வகை பாக்டீரியாவை அதே இடத்தில் வளர்த்தால், அதற்குரிய வைரஸும் அங்கேயே குடிவந்துவிடும். ஒரு பாக்டீரியாவைத் துளைத்துத் தன் டிஎன்ஏவை உள்ளே செலுத்தி, ஒரு மணி நேரத்துக்குள் அதை வெடிக்கவைத்துப் பல மடங்காக வெளியே வரும். அதிகாலை நாலு மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் பாலில் உறை விட்டுவிட்டு, எட்டு மணிக்கும் பால் பாலாகவே இருப்பதைப் பார்க்கிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆலைக்கு வெளியே, வைரஸ் படாத இடத்தில் வளர்த்த உறை அவருக்கு வரம்.

அம்மாவின் மோரில் ஏன் இது நடக்கவில்லை? அதில் ஒரு வகை இல்லை. எத்தனையோ வகை. ஒன்றை வைரஸ் தின்றால் மற்றொன்று வேலையை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வீட்டு அக்காவின் மோர் வந்து சேரும்போது புது வகைகளும் வந்து சேரும். ருசி நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். ஆனால் தயிர் உறையாத நாள் அபூர்வம். தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து ஒன்றிரண்டாகச் சுருக்கியதில் ஆலைக்கு ஒரே ருசி கிடைத்தது, கூடவே இந்தப் பயமும் வந்தது.

பாக்டீரியா சும்மா செத்துக்கொண்டிருக்கவில்லை, பட்டதை நினைவும் வைத்துக்கொள்கிறது என்பது 2007இல் தெரியவந்தது. இதே டென்மார்க்கின் இன்னொரு நிறுவனமான டானிஸ்கோவில் ரொடால்ஃப் பரங்கூ, ஃபிலிப் ஓர்வாத் ஆகியோர் தயிர் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸை ஆராய்ந்தார்கள். வைரஸ் தாக்குதலில் தப்பிப் பிழைத்த பாக்டீரியா, அந்த வைரஸின் டிஎன்ஏவில் ஒரு துண்டைக் கிள்ளித் தன் டிஎன்ஏவுக்குள் பத்திரப்படுத்திக்கொள்கிறது. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு வெட்டிப்போடுகிறது. பிள்ளைகளுக்கும் அந்த நினைவைக் கொடுத்துவிடுகிறது. துண்டைச் சேர்த்தால் எதிர்ப்பு வந்தது, நீக்கினால் போனது. கிரிஸ்பர் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் மரபணுக் கத்தரி இந்தத் தற்காப்பிலிருந்து வந்ததுதான். அந்தக் கத்தரிக்காக 2020இல் இம்மானுவேல் ஷார்பென்டியேவுக்கும் ஜெனிஃபர் டௌட்னாவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தயிருக்குள் தலைமுறை தலைமுறையாக ஒரு நினைவு எழுதப்பட்டு வந்திருக்கிறது என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் கரண்டியில் கை மாறியது மோர் மட்டுமா? எங்கள் தெருவில் வந்து போன வைரஸ்கள் சிலவற்றின் சரித்திரமும் அதற்குள் இருந்திருக்கலாம்.

இன்றைக்கு அந்த வகைகள் பெரும்பாலும் நிறுவனங்களின் குளிர் அறைகளில் இருக்கின்றன. ஹான்சன் நிறுவனம் சேர்த்துவைத்தவை மட்டும் பல்லாயிரம் வகைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பிபி-12 என்பது ஒரு பாக்டீரியாவின் பெயர், அதுவே பதிவுபெற்ற வணிகச் சின்னமும்கூட. பல வகைகள் உலகில் யாரோ ஒருவர் வீட்டுச் சட்டியிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் போனவையாகத்தான் இருக்க வேண்டும். அவை அழியாமல் காக்கப்படுவது நல்லது. வீட்டுச் சட்டிகள் கவிழ்க்கப்பட்டுவிட்ட காலத்தில் அவை வேறெங்கே இருக்கும்? ஆனாலும் தம்ளரோடு போய்க் கேட்க ஒரு வாசல் இல்லை என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

என் வீட்டில் ஒருமுறை உறை அறுந்துபோய், கடைத் தயிரையே உறையாக விட்டோம். முதல் நாள் கெட்டியாக உறைந்தது. நாலாவது தடவை கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுத்தது. அம்மா இருந்திருந்தால் வாசலில் கொட்டியிருப்பாள். பிறகுதான் படித்தேன்: சில வகைகள் சர்க்கரைச் சரடுகளைச் சுரக்கும், அதனால் தயிர் தண்ணீர் விடாமல் கெட்டியாக நிற்கும் என்று அவற்றைத் தேடி எடுத்தே சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டில் குற்றமாக இருந்தது அங்கே குணம். ஒரே தடவைக்காகச் செய்த தயிரிடம், அடுத்த தலைமுறையையும் பெற்றுக் கொடு என்று நாங்கள் கேட்டிருக்கிறோம்.

போன வருடம் கொடைக்கானலில் சீஸ் செய்யும் ஒரு நண்பரின் கொட்டகையில் ஒரு பகல் முழுக்க இருந்தேன். அறுபது லிட்டர் பால். குளிர்பெட்டியிலிருந்து ஒரு வெள்ளிப் பொட்டலத்தை எடுத்தார். ஐநூறு லிட்டருக்கானது, சின்னப் பொட்டலம் கிடையாது. வாயைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, கத்தரியால் நறுக்கி, நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் ஒரு சிட்டிகை நிறுத்தார். பாலின் மேல் தூவினார். தூள் பாலேட்டின் மேல் கொஞ்ச நேரம் மிதந்து, நிறம் மாறி, இறங்கியது. அப்புறம் ரென்னெட், எண்ணிச் சில சொட்டு. முக்கால் மணி நேரம் கழித்துக் கத்தியைச் சாய்வாக விட்டு மெல்லத் தூக்கினார். கட்டி ஒரே கோடாக விண்டது. பிளவில் இளம்பச்சை நீர் ஊறி நின்றது. "பாத்தீங்களாண்ணே, எந்த நாளும் இப்பிடியே விண்டுரும். இது இல்லாட்டி என்னால தொழில் பண்ண முடியாது" என்றார். அதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

சாயங்காலம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்துக் காட்டினார். கலங்கலான மஞ்சள் நீர். இத்தாலியில் பார்மா பக்கத்துச் சீஸ்காரர்கள் இன்றும் பொட்டலம் வாங்குவதில்லை. இன்றைய சீஸில் வடிந்த நீரைப் புளிக்கவைத்து நாளைய பாலுக்கு உறையாக விடுகிறார்கள். அவர்கள் கன்றின் ரென்னெட்டையும் விடவில்லை, அது அவர்கள் சட்டம். நண்பர் இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கிராமத்து வீட்டுத் தயிரிலிருந்து தொடங்கி, நாலு வருடமாக அந்த நீரைத் தினம் புதுப்பித்துவருகிறார். விற்கிற சீஸில் சேர்ப்பதில்லை. "ஒரு நாள் நல்லா வரும், மறுநாள் கோவிச்சுக்கும். கடைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. ஆனா கீழ கொட்ட மனசு வரல" என்றார்.

எனக்குக் கொஞ்சம் வேண்டும் என்றேன். காசைப் பற்றி நான் வாயெடுக்கும் முன்பே வேறொரு புட்டியைக் கொதிநீரில் கழுவிக்கொண்டிருந்தார். கால் புட்டி ஊற்றி, மூடியைத் திருகி, ஈரத்துண்டு ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார். "சூடு ஏறாமப் பாத்துக்கங்கண்ணே. கீழ எறங்குனா வெயிலு வேற மாதிரி இருக்கும்."

வத்தலக்குண்டுக்கு வரும்போது துண்டு காய்ந்திருந்தது. பேருந்து பத்து நிமிடம் நிற்கும் என்றார் நடத்துநர். நிலையத்தின் ஓரத்தில் ஒரு குழாய். புட்டியை அதன் அடியில் பிடித்தேன். தண்ணீர் முதலில் சுட்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகுதான் குளிர்ந்து வந்தது. துண்டை நன்றாக நனைத்து, பிழியாமல் அப்படியே சுற்றினேன். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். சட்டையெல்லாம் ஈரமாக, புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினேன்.